மத்தி பிடித்த பழைய படகுகள்: நேரில் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

ஈசூன் அக்கா:
மகள் கலிஃபோர்னியாவில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது மான்டெரே துறைமுகத்தில் 'வெஸ்டர்ன் ஃபிளையர்' நின்றது. 1937ல் டகோமாவில் கட்டிய மரப்படகு. சுமார் 77 அடி நீளம், சுருக்குமடி வலைக்காகவே கட்டியது. ஜெட்டியில் நின்று எட்டித் தொட்டுப் பார்த்தேன். கை எடுக்க மனசு வரவில்லை.

அங்கே மத்திக்கு நிலா இல்லாத இராத்திரியில்தான் போவார்களாம். கூட்டம் நகர்கிற இடத்தில் தண்ணீரே ஒளிரும். அதைச் சுற்றி வலையை விட்டு அடிக்கயிற்றை இழுத்தால், சுருக்குப் பை மாதிரி வலை மூடிக்கொள்ளும். மீன் கரைக்கு வந்ததும் டின் ஆலைகள் சங்கு ஊதும். ஆலைக்கு ஆலை சத்தம் வேறு. தன் ஆலைச் சங்கு கேட்டால் பெண்கள் எந்நேரமானாலும் எழுந்து ஓடுவார்களாம். 1940களின் பிற்பகுதியில் மத்தி அற்றுப்போனது. அளவில்லாமல் பிடித்தார்கள், கடலும் குளிர்ந்துவிட்டது. கடைசி ஆலை 1973ல் மூடியது. அந்த இடத்தில்தான் இப்போது பெரிய மீன் காட்சியகம் இருக்கிறது.

இந்தப் படகு மத்தி அற்றுப்போன பிறகு வடக்கே போய் நண்டு பிடித்தது, பெயரும் மாறியது. 2012லும் 2013லும் மூழ்கிச் சேற்றில் கிடந்தது. எடுத்துப் பழுது பார்த்து 2023ல் மான்டெரேக்குக் கொண்டுவந்தார்கள். 1940ல் எழுத்தாளர் ஸ்டைன்பெக்கும் கடலுயிர் ஆய்வாளர் எட் ரிக்கெட்ஸும் இதை வாடகைக்கு எடுத்து உயிரின ஆய்வுக்குப் போனதால்தான் இது பிழைத்தது. கூடவே மத்தி பிடித்த மற்ற படகுகளைத் தேட யாரும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பொங்கோல்காரன்:
அக்கா, நம் சிங்கப்பூரிலும் அப்படித்தானே. அப்பா கங்காருக்கு ஐஸ் லோரி ஓட்டினார். அப்பர் சிராங்கூன் ரோட்டுக் கடைசியில் இருந்த மீனவர் கம்பம் (கிராமம்) அது. சின்ன வயசில் ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனார். கேலோங்கில், அதாவது கடலில் கம்பு நட்டுக் கட்டிய மீன்பொறியில், பிடித்த மீன் இறங்குகிற நேரம். தம்பானும் இருந்தது, மலாய்க்காரர் சொல்கிற தம்பான் நம் சாளை வகைதான். ஏலத்தில் யாரும் கத்தவில்லை. வியாபாரி ஒவ்வொருவராக வந்து ஏலக்காரர் காதில் விலையைக் கிசுகிசுத்துவிட்டு நகர்ந்தார்கள். அதை இன்னும் மறக்க முடியவில்லை. 1980களில் எல்லாம் பொங்கோலுக்கு மாறியது. அந்தப் படகுகளில் ஒன்றையாவது வைத்திருக்கலாம். என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

துவாஸ் தம்பி:
வணக்கம் அக்கா, அண்ணே. நான் இங்கே கப்பல் பட்டறையில் வெல்டர். சொந்த ஊர் மண்டபம், தாத்தா வள்ளம் கட்டுற தச்சர். மரப்படகு என்றதும் எனக்குக் கலப்பத்துதான் ஞாபகம். பருத்தி நூலைத் திரித்து, பலகை இடுக்கில் உளி வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து இறக்குவார். முதலில் 'தொப் தொப்' என்று கேட்கும். நூல் இறுக இறுக 'டங்' என்று மாறும். அந்தச் சத்தம் வரும்வரை அடுத்த இடுக்குக்குப் போகமாட்டார். அப்புறம் குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிப் பூசுவார். நான் இரும்பில் வேலை செய்கிறேன், ஆனாலும் பற்றவைத்த இடத்தைத் தட்டிப் பார்க்கும்போது அவர் ஞாபகம் வரும்.

அக்கா, அந்தப் படகில் பலகை இடுக்கு தெரிகிற மாதிரி படம் எடுத்திருந்தால் போடுங்கள். ஊரில் அப்பாவுக்கு அனுப்பணும்.