பை மட்டும் போதுமா?

*சனிக்கிழமை*

அக்கா: எதிர் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பை தயார். ஒரு மாதச் சாமான், குழந்தைக்குப் போர்வை, பையனுக்கு நோட்டுப் புத்தகங்கள். மேலே பைபிளின் புதிய ஏற்பாடும் ஆண்டவரைப் பற்றிய ஒரு கைப்பிரதியும் வைக்கட்டுமா?

தம்பி: வையுங்கள் அக்கா. கொடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். பார்க்கிறவர்களும் உதவ வருவார்கள்.

நான்: போட்டோ வேண்டாம்டா. இதற்கு முன் யாரோ பை கொண்டுவந்து, அதை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைக் காட்டிப் பள்ளியில் பையனைக் கேலி செய்தார்களாம். என்னிடம் இதைச் சொன்னபோது அந்த வீட்டு அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். முகம் நிமிரவே இல்லை, ஒரே துண்டை மூன்று முறை பிரித்து மடித்தார்.

தம்பி: ஐயோ. சரி, வேண்டவே வேண்டாம்.

சித்தி: வலதுகை செய்கிறது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்றுதானே ஆண்டவர் சொன்னார். மத்தேயு 6:3.

அக்கா: போட்டோ வேண்டாம் என்பது சரி. ஆனால் ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் வர எனக்கு மனசு கேட்கவில்லை சித்தி. அவர் எனக்குச் செய்ததை நான் ஏன் மறைக்க வேண்டும்? தேவாலயத்தின் அலங்கார வாசலில் சீடர் பேதுரு இயேசுவின் நாமத்தைச் சொல்லித்தானே அந்தச் சப்பாணியை எழுந்து நடக்கச் சொன்னார்?

பெரியப்பா: மறைக்க வேண்டாம் மகளே. ஆனால் அடுத்த வசனத்தையும் பார். வலதுகையைப் பிடித்துத் தூக்கியும் விட்டார். யோப்பா பட்டணத்துத் தபீத்தாளை நினைத்துக்கொள், அப்போஸ்தலர் 9. அவள் பேசியதாக வேதத்தில் ஒரு சொல் கூட இல்லை. அவள் இறந்தபோது விதவைகள் எல்லாரும் அழுதுகொண்டே, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவிடம் காட்டினார்கள். அந்தத் துணிதான் சாட்சி சொன்னது.
அப்புறம் லூக்கா 17. பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன். மற்ற ஒன்பது பேரிடமிருந்து ஆண்டவர் சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையே!

சித்தி: அத்தான் சொல்வது சரி. பசியோடு இருக்கிறவளால் கைப்பிரதியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பை போய்விடுமோ என்று பயந்தே வாங்கிக்கொள்வாள். அப்படி வாங்கினால் அது விசுவாசமா?

நான்: அக்கா, ஜெபிக்கலாமா என்று மட்டும் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் பேதுருவும் எழுதுகிறார்.

அக்கா: யோசிக்கிறேன்.

*ஞாயிற்றுக்கிழமை*

அக்கா: கொடுத்துவிட்டேன். வாங்கியதும் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார் போல. நல்லவேளை, வைக்கவில்லை. ஜெபிக்கலாமா என்று கேட்டேன். "பாட்டி தூங்குகிறார், உங்கள் வீட்டில் வைத்துச் செய்யுங்கள்" என்றார். வந்து முழங்கால்படியிட்டேன்.

பெரியப்பா: நல்லது மகளே.

*வியாழக்கிழமை*

அக்கா: பையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் நின்றபடியே, "எனக்காக என்னவென்று வேண்டிக்கொண்டீர்கள்?" என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். என் முதல் குழந்தை போனதைச் சொன்னேன். நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருக்கிறார் என்ற சங்கீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாட்களைத் தாண்டினேன் என்றேன். இரண்டு பேரும் அழுதோம். புத்தகம் எதுவும் அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சித்தி: ஸ்தோத்திரம். ஆண்டவர் சொன்ன கதையில், அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் இரண்டு பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை, திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்றான். அடுத்து என்ன தேவையாம்?

அக்கா: திங்கட்கிழமை வேலைக்கு நேர்முகத் தேர்வாம். காலை முழுவதும் குழந்தையையும் பாட்டியையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எனக்கு அன்று அலுவலகம்.

நான்: குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சித்தி: பாட்டியோடு நான் இருக்கிறேன். எத்தனை மணிக்கு வர வேண்டும்?

அக்கா: எட்டரை, சித்தி.

தம்பி: அவரை வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன்.