அவசரம்: அம்மாவோட ஹார்ட் மாத்திரை எங்கயும் கிடைக்கல

வெள்ளைச்சட்டை: அம்மா ஹார்ட் மாத்திரை தீரப்போகுது, நாலு நாளைக்குத்தான் இருக்கு. மூணு கடை ஏறி இறங்கிட்டேன், எல்லாரும் ‘மஷிபூ’ (பர்மியத்துல ‘இல்ல’) ங்கிறாங்க. யார்கிட்டயாவது இருக்கா? விலை எவ்வளவானாலும் சரி.

தட்டோன் ராணி: தம்பி, மாத்திரை பேர் என்ன? எத்தனை மில்லிகிராம்? எந்த ஊர்?

கமாயுட் மாமா: பிரஷர் மாத்திரையா?

வெள்ளைச்சட்டை: இல்ல மாமா, ரத்தம் உறையாம இருக்க. சின்னதா ரோஸ் கலர், நடுவுல கோடு. சீட்டை ஒரு கடையில விட்டுட்டு வந்துட்டேன்.

ஓய்வு கம்பவுண்டர்: முப்பது வருஷம் மருந்துக்கடையில நின்னவன் சொல்றேன். கலரைச் சொல்லி மருந்து கேட்டா எவன் தருவான்? வார்ஃபரினா இருக்கும். பிரிட்டிஷ் வழக்கத்துல ரோஸ் 5 மில்லிகிராம், அமெரிக்க மாத்திரையில ரோஸ் 1. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை விழுங்கினா அஞ்சு மடங்கு வித்தியாசம். அட்டையத் திருப்பிப் பாருப்பா, படிக்கத் தெரியும்ல?

வெள்ளைச்சட்டை: பேர் பாதி கிழிஞ்சிருக்கு, கடைசியில ‘ரின்’ மட்டும் தெரியுது. பக்கத்துல 5. ஊர் மோல்மீன், சொல்ல மறந்துட்டேன்.

தாமு எல்லை: எங்க தாமுவுக்கு எதிர்ல, இந்தியப் பக்கம் மணிப்பூர்ல இருக்கிற மோரேவுல சொல்லி வைங்க. அசிட்ரோம்னு இந்திய மாத்திரை, அதே மருந்துதான்.

தட்டோன் ராணி: அதே மருந்து இல்லண்ணே. செய்யிற வேலை ஒண்ணு, அளவு வேற. அஞ்சுக்கு அஞ்சுன்னு போட்டா ரத்தம் கொட்டும்.

கமாயுட் மாமா: மோல்மீன்காரன் தாமுவுக்குப் போகணுமாம்! தாய்லாந்து எல்லையில மியாவடி பக்கத்துல இருக்கு, தாய் மருந்து வரும்.

தாமு எல்லை: மாமா, 2023 மே கலவரத்துக்கு முந்தி மோரேவுல கிடைக்காத மருந்து உண்டா? அங்க இருக்கிறது நம்ம தமிழ் ஆளுங்க. அறுபதுகள்ல பர்மாவ விட்டுப்போய், திரும்பி நடந்து வர்றப்ப எல்லையில தங்கிட்டவங்க.

கமாயுட் மாமா: அந்தப் பையன் சரித்திரமா கேட்டான்?

புதுமருமகள்: எங்க மாமனாருக்குப் புது மாத்திரை மாத்திட்டாங்க, மாசாமாசம் ரத்தம் எடுக்கிற தொல்லையே இல்ல. அதுக்கு மாறிடுங்க.

தட்டோன் ராணி: உங்க மாமனாருக்குத் துடிப்புக் கோளாறா இருக்கும். தம்பி, அம்மாவுக்கு வால்வு மாத்தினாங்களா?

வெள்ளைச்சட்டை: ஆமாக்கா. ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்னா டிக் டிக்னு கேக்கும்.

தட்டோன் ராணி: இதை முதல்லயே சொல்லக் கூடாதா! அது உலோக வால்வு. புது மாத்திரை ஆகவே ஆகாது. அதுல ஒண்ணான டாபிகாட்ரானை இப்படிப்பட்டவங்களுக்குக் கொடுத்துப் பாத்த ஆய்வ 2012லயே பாதியில நிறுத்திட்டாங்க. ஆஸ்பிரினும் ஈடாகாது.

கமாயுட் மாமா: கீரைய அடியோட நிறுத்தினா பாதி மாத்திரை போதும்னு எங்க அண்ணி சொல்லுவாங்க.

ஓய்வு கம்பவுண்டர்: உங்க அண்ணி எந்த காலேஜ்ல படிச்சாங்க? கீரை என்னிக்கும் ஒரே அளவா இருக்கணும், அவ்வளவுதான். தம்பி, ‘5 இருக்கா’ன்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவான். ‘வார்ஃபரின் எந்த அளவுல இருக்கு’ன்னு கேளு. 3 ஒண்ணு, 1 ரெண்டு, சேத்தா அஞ்சு. வால்வு பாக்கிற டாக்டர்கிட்ட அப்படியே எழுதி வாங்கு. கம்பெனி மாறினா ஒரு வாரத்துல ஐஎன்ஆர் (ரத்தம் உறையிற நேரம் பாக்கிற டெஸ்ட்) எடுத்துடு.

தட்டோன் ராணி: இங்க இல்லன்னா யாங்கோன் மிங்கலா மார்க்கெட் மொத்தக் கடைங்கள்ல விசாரிக்கச் சொல்லு, பஸ் பார்சல்ல வந்துடும். அட்டை இல்லாம உதிரியா விக்கிறத மட்டும் வாங்காதே. ஒருநாள்கூட விடக் கூடாது, கேட்டுதா?

(மூணு நாள் கழிச்சு)

வெள்ளைச்சட்டை: கிடைச்சிருச்சு. 3ம் 1ம். எல்லாருக்கும் நன்றி.

பகோ செல்வி: எங்க கிடைச்சுது அண்ணே? எங்கப்பாவும் அதேதான் போடுறார், இன்னும் ஆறு நாளைக்குத்தான் இருக்கு.

தாமு எல்லை: மோரேவுல அங்காளபரமேஸ்வரி கோயிலே இருக்கு, மாமா நம்ப மாட்டேங்கிறார்.

பகோ செல்வி: அண்ணே, இருக்கீங்களா? எந்தக் கடை?