ஆபீஸில் கிறிஸ்தவ விசுவாசத்தை உறுத்தாமல் பகிர்வது எப்படி?

கேள்வி (கும்பகோணம்): பன்னிரண்டு பேரில் நான் ஒருத்தன்தான் கிறிஸ்தவன். யாரையும் சங்கடப்படுத்தாமல் எப்படிப் பேசுவது?

பதில் (தஞ்சாவூர்): டீ நேரத்தில், அவங்களே கேட்டால் மட்டும், இரண்டே நிமிஷம். பைபிளில் 1 பேதுரு 3:15 சொல்வதும் கேட்கிறவருக்குச் சாந்தமாகப் பதில் சொல்லத்தான். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் தினமும் வசனம் போடாதீங்க, மியூட் பண்ணிடுவாங்க. நீங்க மேலதிகாரி என்றால் பேச்சை நீங்களா ஆரம்பிக்கவே கூடாது. கீழே இருப்பவரால் மறுக்க முடியாது.

பதில் (நாகப்பட்டினம்): யார் வீட்டிலாவது உடம்பு சரியில்லை என்றால், "அம்மாவுக்காக ஜெபம் பண்ணட்டுமா அண்ணே?" என்று தனியாகக் கேளுங்க. சரின்னா நிஜமாகவே ஜெபிங்க. மூணாம் நாள் விசாரிங்க. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பதில் (மயிலாடுதுறை): கிறிஸ்துமஸ் கேக் டப்பாவுக்குள் துண்டுப்பிரதி வேண்டாம், பலகாரம் தூண்டில் மாதிரி ஆயிடும். அவங்க பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்க. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவே முதலில் உட்கார்ந்து தமிழ்தான் படித்தார்.