கடையில் நிற்கும் டேப்லெட்டுக்குத் தமிழ்ப் பெயர்: "தொட்டாற்காட்டி" சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் தொடங்கிய இழைக்கு வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். தனித்தனியாகப் பதில் எழுதினால் பேச்சு சிதறிவிடும் என்பதால் ஒரே மடலாக எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, சொல் எதற்கு வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூர் சிக்பேட்டையில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு ஆறு டேப்லெட் பொருத்திக் கொடுத்திருக்கிறோம். பத்து அங்குலத் திரை, இரும்புச் சட்டம், இடுப்புயரத் தாங்கி. யாரும் தொடாதபோது விளம்பரப் படம் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டால் மொழி கேட்கும். பிறகு நிறம், விலை, ஜரிகை என்று கேட்டுக்கொண்டே போய், அந்த வகைப் புடவைகளின் முந்தியையும் கரையையும் பெரிதாகக் காட்டும். பட்டுப்புடவை வாங்கப் போனவர்களுக்குத் தெரியும், முந்தியைப் பார்க்காமல் எந்தப் பெண்ணும் முடிவு செய்ய மாட்டாள். ஒரு புடவையை விரித்துக் காட்டி, மறுபடி மடிப்புக் கலையாமல் மடித்து வைப்பது விற்பனையாளருக்குப் பெரிய வேலை. இருபது புடவை விரிக்கும் இடத்தில் ஐந்து விரித்தால் போதும் என்று ஆகியிருக்கிறது.

அந்தக் கடையின் விற்பனையாளர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் வருகிறவர்கள். அவர்களுக்காகத் தமிழில் நான்கு பக்கப் பயிற்சிக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். இந்தப் பொருளை என்னவென்று எழுதுவது?

கடையில் அதை "டேப்பு" என்கிறார்கள். புடவைக் கடையில், அதுவும் ரவிக்கை தைக்க அளவெடுக்கும் கடையில், டேப்பு என்றால் அளவு நாடா. "அந்த டேப்பை இங்கே கொண்டா" என்று மேற்பார்வையாளர் சொல்ல, ஒரு பையன் அளவு நாடாவோடு வந்து நின்றதை நானே பார்த்தேன். வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருந்தார், பையன் திட்டு வாங்கினான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. பெயர் சரியில்லை, அவ்வளவுதான்.

இனி, வந்த பரிந்துரைகள்.

> ஊடாடு எண்ணிம அடையாளப்பலகை என்பதே முழுமையான பெயர்ப்பு.

தில்லியிலிருந்து எழுதிய ஐயாவின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இது "இன்டராக்டிவ் டிஜிட்டல் சைனேஜ்" என்ற ஆங்கிலத் தொடரின் மூன்று சொல்லுக்கு மூன்று சொல் வைத்தது. "டிஜிட்டல்" என்பதற்கே நமக்குள் இன்னும் ஒருமித்த சொல் இல்லை. விக்கிப்பீடியாவில் எண்ணிமம், சிங்கப்பூரில் மின்னிலக்கம், வேறு சிலர் இலக்கமுறை. இந்தப் பெயருக்குள் அந்த வழக்கையும் இழுத்து வைக்க வேண்டுமா? இன்று கடைத்திரை எதுவும் டிஜிட்டலாகத்தான் இருக்கும். அந்த அடைமொழி எதையும் பிரித்துக் காட்டவில்லை. "அடையாளம்" என்பதும் பொருந்தவில்லை; இந்தப் பொருள் எதையும் அடையாளம் சொல்வதில்லை, சரக்கைக் காட்டுகிறது.

> தொடுபலகை என்று சுருக்கமாக வைக்கலாமே.

மாதுங்கா அக்காவின் இந்தச் சொல் எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. தொடுதிரை போல வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு, ஏவுகணை போல நடுவில் ஒற்று மிகாமல் சுத்தமாக நிற்கிறது. தடை "பலகை"யில்தான். கர்நாடகத்தில் 2024-இல் வந்த சட்டத் திருத்தப்படி கடைப் பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும். அதற்கு முன் நடந்த போராட்டத்தில் பலகைகள் உடைபட்டதை இந்த ஊர் வணிகர்கள் மறக்கவில்லை. கன்னடத்தில் பெயர்ப்பலகை "நாமஃபலக". பலகையும் ஃபலகமும் ஒன்றென்பது யார் காதுக்கும் தெரியும். கடைக்காரரிடம் "தொடுபலகை" என்று சொன்னதும், "இதுவும் போர்டு கணக்கில் வருமா?" என்றுதான் கேட்டார். அவருடைய கவலை நியாயமானது. வாசலுக்கு மேலே தொங்குவதும் உள்ளே கையருகில் நிற்பதும் ஒரே சொல்லில் வரக்கூடாது. போதாக்குறைக்கு டேப்லெட்டையே பலகைக் கணினி என்று எழுதுகிறவர்களும் உண்டு.

> கைகாட்டி என்ற பழைய சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதிய அண்ணாவுக்கு நன்றி. நான் இப்போது முன்வைக்கும் சொல்லுக்கு வித்து இந்த மடல்தான். சாலை பிரியும் இடத்தில் நிற்கும் கைகாட்டி மரமும், ரயில்பாதையில் நிற்கும் கைகாட்டியும் தமிழன் யாரையும் கேட்காமல் வைத்த பெயர்கள். நாட்காட்டி, திசைகாட்டி என்று அதே அச்சில் எத்தனையோ சொற்கள். "காட்டி" இருக்கும்போது நாம் ஏன் பலகையைத் தேடி அலைந்தோம் என்று இருந்தது. கைகாட்டியை அப்படியே எடுத்தால் வழி காட்டுவது என்ற பொருள்தான் முந்திக்கொண்டு நிற்கும். ஆனால் "காட்டி"யை விடக்கூடாது.

அதன்முன் என்ன வைப்பது? "தொட்டுக்காட்டி" என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். தொட்டுக் காட்டாத வித்தை சுட்டுப் போட்டாலும் வராது என்ற பழமொழி வேறு துணைக்கு வந்தது. பிறகுதான் இலக்கணம் இடித்தது. "தொட்டுக் காட்டினான்" என்றால் தொட்டவனும் காட்டியவனும் ஒருவனே. இங்கே தொடுகிறவர் வாடிக்கையாளர், காட்டுவது கருவி. "தொட்டு" என்ற எச்சம் இரண்டு வினைமுதலைத் தாங்காது.

ஒருவர் தொட, வேறொன்று வினைப்படுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. தொட்டாற்சுருங்கி. தொடுவது நாம், சுருங்குவது செடி. இரண்டு வினைமுதலை அந்த "ஆல்" தாங்குகிறது. அதே அச்சில்:

தொட்டால் + காட்டி = தொட்டாற்காட்டி.

ஊடாட்டம் என்று நாம் இத்தனை நாள் தேடிய கருத்து முழுவதும் அந்த "ஆல்" ஒன்றில் அடங்கிவிடுகிறது. தொடாவிட்டால் அது வெறும் படம். தொட்டால்தான் கேட்டதைக் காட்டும்.

எழுதிப் பார்த்ததோடு நிற்கவில்லை. கடையில் சொல்லிப் பார்த்தேன். தொட்டாற்சிணுங்கி பேச்சில் தொட்டாச்சிணுங்கி ஆவதுபோல, இது "தொட்டாக்காட்டி" ஆனது. நான் சொல்லித்தரவில்லை, இரண்டாவது முறை சொல்லும்போதே அவர்கள் வாயில் அப்படித்தான் வந்தது. அந்தச் செடிக்குக் கன்னடத்தில் "முட்டிதரெ முனி", தொட்டால் ஊடுவது. மலையாளத்தில் தொட்டாவாடி. அதனால் பக்கத்தில் நின்ற கன்னட விற்பனையாளருக்கும் ஒரே மூச்சில் விளங்கியது. "அந்த டேப்பை" என்று கூப்பிட்ட அதே மேற்பார்வையாளர் மறுநாள் "தொட்டாக்காட்டிக்கு சார்ஜ் போட்டியா?" என்று கேட்டார். எனக்கு அதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். பொருளைக் கையில் எடுத்தாலே திரை மாறும்படி உணரி (சென்சார்) வைத்த கடைகளும் இருக்கின்றன. அங்கே தொடுவதே இல்லை. அதற்கு "எடுத்தாற்காட்டி" என்று இதே அச்சில் வார்க்கலாம். ஆனால் எடுத்துக்காட்டோடு காது குழம்பும். அதற்குத் தனியாக ஒரு சொல் தேட வேண்டும். தொடவே முடியாமல் மேலே மாட்டி, விலையும் படமும் ஓடவிடும் பெரிய திரைக்கு மின்பலகை போதும். அதை இதோடு கலக்க வேண்டாம்.

2011-இல் ஆப்பிள் தன் கடைகளில் காகித விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ஒரு ஐபேடை வைத்தது நினைவிருக்கலாம். பொருளின் விவரம், விலை, ஒப்பீடு எல்லாம் தொட்டுப் பார்க்கலாம். அதையும் தொட்டாற்காட்டி என்று தயங்காமல் சொல்ல முடிகிறது. புடவைக் கடைக்கு மட்டும் பொருந்தும் சொல்லாக இருந்தால் நான் இங்கே கொண்டுவந்திருக்க மாட்டேன்.

குறிப்பில் இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்பட்டன. வாடிக்கையாளர் வேறு செயலிக்குப் போய்விடாதபடி ஒரே செயலியில் நிறுத்திவைப்பதைக் கியோஸ்க் மோடு என்கிறார்கள். 2012-இல் ஐபேடிலும் 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0-இலும் இதற்கான வசதி வந்தது. இதற்கு "ஒருசெயலிப் பூட்டு" என்று எழுதியிருக்கிறேன். ஆள் இல்லாதபோது ஓடும் படத்துக்கு "அழைப்புக்காட்சி". சிக்பேட்டை வாசலில் நின்று "வாங்கம்மா, உள்ளே வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறவரின் வேலையைத்தான் அது செய்கிறது. பேட்டரியை மட்டும் பேட்டரி என்றே விட்டுவிட்டேன். நாள் முழுக்க மின்சாரத்திலேயே செருகி வைத்தால் பேட்டரி உப்பித் திரையைத் தூக்கிவிடும், ஆகவே 80 விழுக்காட்டோடு நிறுத்துங்கள் என்ற எச்சரிக்கை அது. அந்த வரியைப் படிக்கிறவர் எந்தச் சொல்லிலும் ஒரு நொடிகூடத் தடுக்கக்கூடாது.

எழுத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இலக்கணப்படி "தொட்டாற்காட்டி". ஆனால் "ற்க" என்ற கூட்டைப் பார்த்து இளையவர்கள் தயங்குவார்கள், "தொட்டால்காட்டி" என்றே அச்சிடலாம் என்று என்னோடு வேலை செய்யும் தம்பி சொல்கிறான். கற்கண்டு, பொற்காசு என்று எழுதுகிறவர்களுக்கு இது கடினமில்லை என்பது என் எண்ணம். குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இந்த ஒற்றைப் பற்றி மட்டும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து