லண்டனின் வெஸ்ட் ஹாம் கால்பந்துக் கிளப் ரசிகர்கள் மைதானத்தில் பாடும் பபிள்ஸ் (குமிழிகள்) பாட்டு, அதாவது "ஐ'ம் ஃபாரெவர் ப்ளோயிங் பபிள்ஸ்", முதலில் யாருடையது? வெஸ்ட் ஹாம் ரசிகர்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள்

ஈஸ்ட் ஹாமிலிருந்து:

கிரீன் ஸ்ட்ரீட்டில கன வருஷம் கடையில நிண்டனான். மேட்ச் நாளில அப்டன் பார்க் ஸ்டேஷன் வாசலில இருந்து மைதானம் மட்டும் மெரூன் சட்டைதான். சனம் பபிள்ஸ் பாடத் தொடங்கினால் கல்லாவில நிக்கிற எங்களுக்கே மயிர்க்கூச்செறியும்.

வழமையா வாற வயசான வெள்ளைக்காரர் ஒருத்தர்தான் கதையைச் சொன்னவர். ஷெல்ஃபில இருந்த பியர்ஸ் சோப்பைக் கையில எடுத்து, "இவங்கட பழைய விளம்பரத்தில குமிழியை அண்ணாந்து பாக்கிற சுருட்டைத்தலைப் பெடியன் தெரியுமோ?" எண்டு கேட்டார். மிலே எண்ட ஓவியர் கீறின படம். 1920களில பார்க் ஸ்கூல் அணியில ஆடின பில்லி மரே அச்சொட்டா அந்தப் பெடியன் மாதிரியே இருந்தவனாம். அதால பட்டப்பேரே பபிள்ஸ். அவன் நல்லா ஆடினால் தலைமை வாத்தியார் கொர்னீலியஸ் பீல் இந்தப் பாட்டைப் பாடுவாராம். பீலின்ர சிநேகிதர் வெஸ்ட் ஹாமின்ர பயிற்சியாளர் சார்லி பெய்ன்டர். அந்த வழியால பாட்டு மைதானத்துக்கு வந்ததாம். மரே வெஸ்ட் ஹாமின்ர முதல் அணிக்கு ஒருக்காலும் ஆடேல்லை எண்டதையும் அவரே சொன்னார்.

ஸ்வான்சியில் படித்தவன்:

அண்ணே, வேல்ஸில் இருக்கும் ஸ்வான்சியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் இந்தக் கதையை ஒத்துக்கொள்ளவே மாட்டார். பாட்டு எங்கள் ஸ்வான்சி அணி ரசிகர்களுடையது என்பார். 1922 ஜனவரியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில் ஸ்வான்சியும் வெஸ்ட் ஹாமும் மோதின. முடிவு கிடைக்காமல் மூன்று ஆட்டம் வரை இழுத்தது. அப்போது ஸ்வான்சிக்காரர்கள் பாடியதைக் கேட்டுத்தான் லண்டன்காரர்கள் பிடித்துக்கொண்டார்களாம்.

எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன் கதை அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாத்தியார் பாடியது அவ்வளவு பெரிய கூட்டத்தின் வாய்க்கு எப்படிப் போகும்? ஒரு கேலரி பாடினால்தான் எதிர் கேலரிக்குத் தொற்றும். பாட்டே 1918இல் பிராட்வே மேடையில் அரங்கேறிய அமெரிக்கப் பாட்டு; 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்து முழுக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து:

தம்பி, ஸ்வான்சிக் கதையையும் அந்த ஐயாவிட்டக் கேட்டனான். "அவங்களும் பாடியிருப்பாங்கள். விடாமல் பாடினது நாங்கள்" எண்டார். அதில நியாயம் இருக்கு. 2016இல கிளப் அப்டன் பார்க்கை விட்டு ஸ்ட்ராட்ஃபோர்டு மைதானத்துக்கு மாறின பிறகும் மெஷின் வைச்சுக் குமிழி விடுகினம், பாட்டும் நிக்கேல்லை. ஆனால் 1940 வெம்பிளியில நடந்த யுத்தகாலக் கோப்பை ஃபைனலில வெஸ்ட் ஹாம் கப் அடிச்சபோது இதைப் பாடினவையோ எண்டு கேட்க மறந்திட்டன். தாத்தா, பாட்டா வழியாக ஆருக்கும் தெரிஞ்சால் எழுதுங்கோ.