சூம் ஜி1எக்ஸ் ஃபோர்: வீட்டில இரைச்சல், கோயிலில கிற்றாரே கேக்கேல்லை. உதவி தேவை

ஆறுதந்தி, வெள்ளவத்தை:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசத்துக்கு முதல் பாவிச்ச சூம் ஜி1எக்ஸ் ஃபோர் (கிற்றார் சத்தத்தை மாத்துற எஃபெக்ட் பெடல்) ஒண்டு வாங்கினன். அடப்டர் இல்லாமல்தான் கிடைச்சது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில, 3 வோல்ட்டில இருந்து 12 வோல்ட் வரை மாத்தக்கூடிய, ஊசியைத் திருப்பிப் போடக்கூடிய அடப்டர் ஒண்டு எடுத்து 9இல வைச்சிருக்கிறன். பெடல் வேலை செய்யுது.

வீட்டில 20 வாட் அம்புக்கு (கிற்றார் அம்ப்ளிஃபயர்) குடுத்தால் 'ம்ம்ம்' எண்டு விடாமல் இரைச்சல். பெடலில இருக்கிற நொய்ஸ் ரிடக்‌ஷன் (இரைச்சல் குறைக்கிறது) போட்டால் சும்மா இருக்கேக்க நிக்குது, ஒரு தந்தியைத் தட்டினதும் நோட்டோட சேர்ந்து திரும்ப வருது.

போன ஞாயிறு கொட்டாஞ்சேனைக் கோயிலில (சேர்ச்) பூசைக்கு, பெடலை சவுண்ட் மிக்சருக்கு நேரா குடுத்தனான். அங்க வேற கதை. அடிக்கிற கோர்ட் கேக்கேல்லை, பின்னால வாற ரிவேர்ப் (எதிரொலி) மட்டும் தூரத்தில கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி. ஹெட்ஃபோனில ரெண்டு காதிலயும் வடிவாக் கேக்குது. பெடல் பழுதோ? வாற ஞாயிறு காணிக்கைப் பாட்டுக்கு லீட் நான்தான். உண்மையா பயமா இருக்கு.

ரிதம்கை, வத்தளை:
அடப்டர்தான் பிழை போல. வீட்டில ரூட்டருக்கு வைக்கிற மினி யூபிஎஸ் இருக்கா? 2022இல கரண்ட் வெட்டின நேரம் எல்லாரும் வாங்கினமே, அது. அதில 9 வோல்ட் ஓட்டை ஒண்டு இருக்கும். பற்றரியில ஓடுறதால இரைச்சல் இருக்காது. குத்திப் பாருங்க.

மிக்சர்மேசை, தெஹிவளை:
தம்பி, குத்தாதேங்கோ! ரூட்டர் ஊசி நடுவில பிளஸ். சூமுக்கு நடுவில மைனஸ் வேணும், வெளிச்சுத்துதான் பிளஸ். ஊசியின்ர அளவு ஒண்டாயிருக்கிறதால அச்சாவா உள்ள போகும். அதுதான் ஆபத்து. இப்பிடி மாறிக் குத்திச் செத்த பெடல் ஒண்டு என்ர மேசைக்கே வந்திருக்கு, திருத்தேலாமல் திருப்பிக் குடுத்தனான்.

இனி உங்கட விசயம். ரெண்டு பிரச்சினையையும் ஒண்டாக் கட்டாதேங்கோ, வீட்டில இருக்கிறதை முதல் பாப்பம். மூண்டு வேலை செய்து போட்டு எழுதுங்கோ. கிற்றார் வொல்யூமைப் பூச்சியத்தில வைச்சால் இரைச்சல் நிக்குதோ? நிண்டால் பிக்கப் (கிற்றாரில தந்தி அதிர்வைப் பிடிக்கிறது), நிக்காட்டி பெடல் பக்கம். அடுத்தது, அடப்டரைக் கழட்டிப்போட்டு நாலு டபுள் ஏ பற்றரி போட்டுப் பாருங்கோ. மூண்டாவது, அந்த 'ம்ம்ம்' என்ன நோட் எண்டு ஆறாம் தந்தியில தேடிப் பாருங்கோ. விளையாட்டுக்குக் கேக்கேல்லை. எங்கட கரண்ட் செக்கனுக்கு 50 சைக்கிள். ட்ரான்ஸ்போமர் அடப்டருக்குள்ள டயோட் தாண்டி வரேக்க அது 100 ஆகும். ஆறாம் தந்தி மூண்டாம் ஃப்ரெட்டில இருக்கிற ஜி 98 சைக்கிள். கிட்டத்தட்ட அந்த இடத்தில இரைஞ்சால் கரண்ட் உள்ள வருகுது எண்டு அர்த்தம்.

ஆறுதந்தி, வெள்ளவத்தை:
அண்ணை, வொல்யூம் பூச்சியத்திலயும் நிக்கேல்லை. கிற்றார் கேபிளையே கழட்டினன், அப்பவும் அதே இரைச்சல். நோட் தேடினன். ஜிதான், அதை விட ஒரு துளி உயரம்! எனக்கு மயிர் கூச்செறிஞ்சது.

கீழ்க் கடையில பற்றரி வாங்கிப் போட்டன். முழு அமைதி. அம்பின்ர சின்ன 'ஸ்ஸ்' மட்டும்தான். அப்பாவின்ர மீற்றரால அடப்டரை அளந்தன், 9இல வைச்சிருக்கு, ஊசியில 12.6 காட்டுது.

மிக்சர்மேசை, தெஹிவளை:
ஒழுங்காக்கிற சுற்று இல்லாத அடப்டர் அது. சுமை இல்லாமல் அளந்தால் கூடக் காட்டும், சுமை ஏறினால் இறங்கும், இரைச்சலும் கூட வரும். பழைய ரேடியோவுக்குச் சரி, இதுக்கு வேண்டாம். 9 வோல்ட், நடு மைனஸ், 500 மில்லியம்பியர் எண்டு எழுதின ரெகுலேற்றட் அடப்டர் தேடுங்கோ. ஒரு அம்பியர் எண்டு போட்டிருந்தாலும் பரவாயில்லை, பெடல் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். வோல்ட் மட்டும் கூடக் கூடாது.

நாலுதந்தி, மருதானை:
தம்பி, பெடலில மைக்ரோ யூஎஸ்பி ஓட்டை இருக்கே, அதாலயும் 5 வோல்ட் குடுக்கலாம். நான் பவர் பாங்கில ஓட்டுறேன், சத்தமே இல்லை. சில ஃபோன் சார்ஜர்ல மெல்லிசா 'கீ' எண்டு வரும், அதைத் தவிருங்க. ரிதம்கை சொன்ன மினி யூபிஎஸ்ல யூஎஸ்பி ஓட்டை இருந்தா அதை எடுக்கலாம், மற்ற ஓட்டையைத் தொடாதீங்க.

கோயில் விசயத்துக்கு ஒரு கேள்வி. மிக்சருக்கு எந்த கேபிள் குடுத்தீங்க? ஜக் ஊசியில கறுப்பு வளையம் ஒண்டா, ரெண்டா?

ஆறுதந்தி, வெள்ளவத்தை:
அக்கா, கோயில் பெட்டிக்குள்ள இருந்ததை எடுத்தனாங்கள். தடிச்ச கேபிள், ரெண்டு பக்கமும் ஜக். வளையம் ரெண்டு.

நாலுதந்தி, மருதானை:
அப்ப அதுதான்! எனக்கும் ஒரு கல்யாண வீட்டுல இதே நடந்து, பாட்டு முழுக்க வாசிச்சும் ஒருத்தருக்கும் கேக்கல. மிக்சர்மேசை அண்ணா இன்னும் நல்லா விளங்கப்படுத்துவார்.

மிக்சர்மேசை, தெஹிவளை:
உங்கட பெடலின்ர அவுட் ஓட்டை ஒண்டுதான். லைனுக்கும் ஹெட்ஃபோனுக்கும் அதுவே, ஸ்டீரியோ. ஊசி நுனியில இடது, ரெண்டு கறுப்பு வளையத்துக்கும் நடுவில இருக்கிற உலோக வளையத்தில வலது. மிக்சரின்ர பலன்ஸ்ட் லைன் ஓட்டை அதை ஸ்டீரியோ எண்டு நினைக்காது. நுனியில வாறதில இருந்து வளையத்தில வாறதைக் கழிக்கும், மைக் வயரில வாற இரைச்சலை அப்பிடித்தான் அது வெட்டுறது. உங்கட கிற்றார் இடதிலயும் வலதிலயும் ஒரே மாதிரி வருகுது. ஒண்டில இருந்து ஒண்டைக் கழிச்சால் என்ன மிச்சம்? ரிவேர்ப் மட்டும் ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கிறதால தப்பிச் சத்தம் போட்டிருக்கு. பெடல் பழுதில்லை.

நீங்கள் அம்புக்குக் குத்துற ஒற்றை வளையக் கேபிளையே மிக்சரின்ர லைன் ஓட்டைக்கும் குத்துங்கோ, இடப்பக்கம் மட்டும் போகும். மேடையில இருந்து மிக்சர் தூரம் எண்டால் நடுவில டிஐ பெட்டி (கிற்றார் சிக்னலை மைக் கேபிளில தூரம் அனுப்ப மாத்துற பெட்டி) ஒண்டு வையுங்கோ. பத்துப் பதினைஞ்சு மீற்றர் கிற்றார் கேபிளை இழுக்காதேங்கோ.

இன்னொண்டு, கபினெற் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியால வாற மாதிரிச் சத்தத்தை ஆக்கிறது). மிக்சருக்குப் போகேக்க கட்டாயம் இருக்கட்டும், இல்லாட்டி டிஸ்டோர்ஷன் தேனீக்கூடு மாதிரி இரையும். வீட்டு அம்பில அதை எடுத்துவிட்டு கிளீன் சனலில போடுங்கோ. ஸ்பீக்கர் ஏற்கனவே அங்க இருக்கு. ஒரே பாட்டுக்கு ரெண்டு பாட்ச் (பெடலில சேமிக்கிற செற்றிங்) சேமிச்சு வையுங்கோ, ஒண்டு 'வீடு', மற்றது 'கோயில்'.

ரிதம்கை, வத்தளை:
ரூட்டர் ஊசி நடு பிளஸ் எண்டது எனக்குத் தெரியாது. பிழையாச் சொன்னதுக்கு மன்னிக்கவும் தம்பி. நல்ல காலம் குத்தல.

ஆறுதந்தி, வெள்ளவத்தை:
ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து எழுதுறன். பவர் பாங், ஒற்றை வளையக் கேபிள், 'கோயில்' பாட்ச். முதல் கோர்ட்டிலயே பாடகர் குழுவில எல்லாரும் திரும்பிப் பாத்தவை. காணிக்கைப் பாட்டு லீட் ஒவ்வொரு நோட்டும் கடைசி வாங்கு வரைக்கும் கேட்டதாம், அம்மா அங்கதான் இருந்தவ. அண்ணைக்கும் அக்காவுக்கும் பெரிய நன்றி. ரிதம்கை அண்ணை, மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

கோயில் பெட்டியில அந்த ரெண்டு வளையக் கேபிளுக்குச் சிவப்பு டேப் ஒட்டி 'கிற்றாருக்கு அல்ல' எண்டு எழுதிப்போட்டு வந்தனான்.