விட்பி அட்டைப் புயல்மானி: அங்கே இருப்பது அசலா?

கடற்காகம்: ரத்தம் உறிஞ்சும் அட்டைகளை வைத்துப் புயல் வருவதை முன்கூட்டியே சொல்லும் கருவிதான் இந்தப் புயல்மானி. இங்கிலாந்தின் விட்பி ஊர் மியூசியத்தில் "டாக்டர் மெர்ரிவெதர் தன் கையால் செய்த புயல்மானி இன்னும் இருக்கிறது" என்று மருந்துப்பெட்டி இங்கே எழுத, ஆளாளுக்குப் பாராட்டித் தள்ளிவிட்டீர்கள். படித்ததும் எரிச்சலாகிவிட்டது. அசல் காணாமல் போய்விட்டது ஐயா. அங்கே இருப்பது அச்சிட்ட விவரத்தையும் ஒரு செப்புத்தகட்டுப் படத்தையும் வைத்து 1951 பிரிட்டன் விழாவுக்காகச் செய்த நகல்.

மருந்துப்பெட்டி: நான் எழுதியது அந்தக் கருவியின் அருமையைப் பற்றி. 12 கண்ணாடிப் புட்டி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மழைநீரும் ஓர் அட்டையும். புயல் வருமுன் அட்டை மேலே ஏறிக் குழாய்க்குள் நுழையும், அங்கே செருகியிருக்கும் திமிங்கில வாய்த்தகட்டுத் துண்டு நகரும், உடனே உச்சியில் இருக்கும் மணியில் சுத்தியல் விழும். எத்தனை அட்டை மணியடிக்கிறதோ அந்த அளவுக்குப் புயல் நிச்சயம். இதில் நகல் என்ன, அசல் என்ன?

கடற்காகம்: "தன் கையால்" என்று எழுதினீர்களா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வயல்வெளி: அண்ணே, 1851 லண்டன் பெரிய கண்காட்சியில் வைத்தது அசல்தானே? அதன் வடிவமே இந்தியக் கோயிலைப் பார்த்துச் செய்தது என்கிறார்கள். நம்மைப் பார்த்துச் செய்ததைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டீர்களே!

கடற்காகம்: கண்காட்சியில் இருந்தது அசல், விட்பியில் இருப்பது நகல். கோயிலைப் பிறகு பேசலாம் தம்பி, இதை முதலில் முடிப்போம்.

மருந்துப்பெட்டி: அட்டைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளட்டும், தனிச்சிறையில் வாடக் கூடாது என்றே புட்டிகளை வட்டமாக அடுக்கிய மனிதர் அவர். 1850 முழுக்கத் தன் கணிப்பை முன்கூட்டியே கடிதமாக எழுதி அனுப்பிச் சோதித்தார். அந்த மனிதரைப் பற்றி ஒரு வரி உங்களிடம் இருக்கிறதா? போன முறை அந்தக் காய்ந்த மனிதக் கை விஷயத்திலும் இப்படித்தான் ஒற்றைக்காலில் நின்றீர்கள்.

கடற்காகம்: கையை ஏன் இழுக்கிறீர்கள்? அதே மியூசியத்தில் இருக்கும் அந்தக் காய்ந்த மனிதக் கை, காசில்டன் ஊரில் ஒரு கூரைவீட்டுச் சுவருக்குள் கல்தச்சர் ஜோசப் ஃபோர்டு கண்டெடுத்தது. 1935ல் மியூசியத்துக்கு வந்தது. திருடர்கள் அதைக் கொளுத்தினால் வீட்டில் இருப்பவர்கள் எழவே மாட்டார்கள் என்பது நம்பிக்கை. நீங்கள் அதை நடந்த சம்பவமாகவே எழுதினீர்கள், அதைத்தான் கேட்டேன். இன்றுவரை திருத்தவில்லை.

வயல்வெளி: விரல்களையே கொளுத்துவார்களா, கைக்குள் மெழுகுவர்த்தி வைப்பார்களா?

மருந்துப்பெட்டி: இரண்டு விதமாகவும் சொல்வார்கள். இவரிடம் கேட்காதே தம்பி, அதற்கும் அசலா நகலா என்பார்.

பழையசோறு: அட்டை ஏறினால் புயல் என்பதையே நான் நம்பவில்லை. வால்பாறையில் மழைக்கு முன்னும் ஏறும், பின்னும் ஏறும். கடற்கரை முழுக்க இதை வைக்கச் சொல்லி மெர்ரிவெதர் கேட்டபோது அரசாங்கமே ஏற்கவில்லையே.

மருந்துப்பெட்டி: வால்பாறையில் காலில் ஏறுவது காட்டு அட்டை. இது வைத்தியத்துக்கு விடும் நீர் அட்டை. வித்தியாசம் தெரியாமல் வராதீர்கள்.

பழையசோறு: எனக்கா தெரியாது? எங்கள் தாத்தா அட்டை விடும் வைத்தியர்!

கடற்காகம்: தாத்தா இருக்கட்டும். 1951ல் செய்த ஒன்றை எப்படி 1850ல் தன் கையால் செய்திருப்பார்? மருந்துப்பெட்டி இன்னும் பதில் சொல்லவில்லை.

மருந்துப்பெட்டி: சொல்லியாகிவிட்டது. மேலே போய்ப் படியுங்கள்.

கடற்காகம்: படித்தேன். அதில் பதில் இல்லை.